நான்கு தாள், மூன்று புள்ளி: காரைக்குடியில் ஓர் ஆரம்ப நிலை கிளாகோமா

ஆத்தங்குடிப் பக்கத்தைச் சேர்ந்த 54 வயதுக்காரர் ஒருவரின் இடது கண்ணில் ஆரம்ப நிலை கிளாகோமா (பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடும் நோய்) இருக்கிறது என்று உறுதி செய்ய நான்கு ஃபீல்டு டெஸ்ட் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் சோதனை) தேவைப்பட்டது. அவற்றின் முடிவு அச்சான தாள்களை வரிசையாக மேசையில் பரப்பினால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் தாளில் எண்கள் படுமோசம். அடுத்தடுத்த தாள்களில் அவை தேறிக்கொண்டே வருகின்றன. ஆனால் மோசமான தாளை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. எண்கள் தேறிய பிறகுதான் நோய் உண்டு என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்ததும் கேட்டதும்

அவர் வந்தது வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காக. முப்பது வருடத்துக்கு மேலாக தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிற வேலை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை ஆடாமல் தூக்க வேண்டும். கோடு கலங்கினால் கல் வீண். “பச்சையும் கருப்பும் சேர்ற ஓரம் இப்ப மசமசன்னு இருக்குங்க” என்றார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை. நிலைப்படியில் முட்டிக்கொண்டதில்லை, பக்கத்தில் வந்த வண்டி தெரியாமல் போனதில்லை, தலைவலி இல்லை.

வீட்டில் யாருக்காவது கண் பிரச்சினை உண்டா என்று கேட்டபோது, அண்ணனுக்கு ஒரு கண் போய்விட்டது என்றார். “பிரஷர்ல போச்சுன்னு சொன்னாங்க.” ரத்தக் கொதிப்பா, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமா என்பது அவருக்குத் தெரியவில்லை. நம் ஊரில் இரண்டுக்கும் பிரஷர் என்றுதான் பேர். அண்ணனின் மருந்துச் சீட்டை மறுமுறை கொண்டுவரச் சொன்னோம். அதில் கண் அழுத்தத்தைக் குறைக்கும் டைமோலால் சொட்டு மருந்து எழுதியிருந்தது. சந்தேகம் தீர்ந்தது: அது கிளாகோமாதான். கூடப் பிறந்தவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. கண்ணாடிக்காக வருபவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னும் இரண்டு விஷயம் பேச்சோடு பேச்சாக வந்தன. அவருக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறார். அப்புறம், சிமெண்டுத் தூசி பட்டுக் கண் சிவக்கும்போதெல்லாம் மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார். சட்டைப் பையிலேயே இருந்தது. வாங்கிப் படித்தால், டெக்ஸாமெத்தசோன் கலந்த மருந்து, அதாவது ஸ்டீராய்டு. சிலருக்கு இது கண் அழுத்தத்தைப் பதுங்கிப் பதுங்கி ஏற்றிவிடும். சிவப்பு சட்டென்று மறைவதால் போடுகிறவருக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிடுகிறது.

முதல் நாள் பரிசோதனை

கண்ணாடியோடு இரண்டு கண்ணிலும் பார்வை 6/6. கிட்டத்தில் பார்க்க +2.00 சேர்த்ததும் சின்ன எழுத்து படித்தார். இத்தோடு கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார்.

கோல்டுமன் கருவியில் அழுத்தம் வலது கண்ணில் 22, இடது கண்ணில் 24 மி.மீ. பாதரசம். 10 முதல் 21 வரை என்பது வழக்கமான அளவு. கருவிழியின் தடிமன் வலது 508, இடது 505 மைக்ரான், சராசரியைவிட மெலிவு. மெலிந்த கருவிழியில் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால் 24 என்பது உண்மையில் அதற்கும் மேலாக இருக்கலாம். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற கோணம் இரண்டு கண்ணிலும் நன்றாகத் திறந்திருந்தது. கண்பாப்பாவை விரித்துப் பார்த்ததில் வலது கண் பார்வை நரம்பின் குழிவு (நரம்பின் முகப்பில் குழி பிடித்திருக்கும் பங்கு) 0.5, இடது கண்ணில் 0.7. இடது நரம்பின் கீழ் விளிம்பு, நெற்றிப்பொட்டுப் பக்கமாக, ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து பள்ளமாகத் தெரிந்தது. அங்கிருந்து கிளம்பும் நரம்பிழைப் படலத்திலும் மங்கலான ஒரு கீற்று.

இந்தப் பள்ளம்தான் மேற்கொண்டு வந்த எல்லாவற்றுக்கும் திறவுகோல். கண்ணின் ஒளியியல் தலைகீழானது. நரம்பின் கீழ்ப்பகுதி கெட்டால் பார்வைப்புலத்தின் மேல்பகுதியில் குறை வரும். ஆகவே ஃபீல்டு டெஸ்ட் எடுக்கும் முன்பே இடது கண்ணில் மேலே, மூக்குப் பக்கமாகத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. எங்கே தேடுகிறோம் என்பது தெரியாமல் தாளைப் பார்த்தால், தாளில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதல் தாள்

ஃபீல்டு டெஸ்டில் நடப்பது எளிமையானது. அரைக்கோளக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைத்து நடுவில் உள்ள வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் வெவ்வேறு இடங்களில் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் ஐந்தில் ஒரு விநாடி நேரம் மின்னி மறையும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். நாங்கள் வழக்கமாக எடுக்கும் 24-2 முறையில் 54 இடங்கள், ஒன்றுக்கொன்று 6 டிகிரி இடைவெளி. ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மங்கலான ஒளிவரை தெரிகிறது என்பதை டெசிபலில் எழுதும். எண் பெரிதாக இருந்தால் ஒளியை உணரும் திறன் அதிகம்; 30-ஐ ஒட்டி இருந்தால் இவர் வயதுக்கு நல்லது. பூஜ்யம் என்றால் இயந்திரத்தின் முழு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது என்று பொருள்; அதுவும் தெரியாவிட்டால் பூஜ்யத்துக்கும் கீழே என்று எழுதும்.

அன்றைக்கு அவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டு, வெயிலில் டவுன் பஸ் பிடித்து, பகலில் வந்திருந்தார். வலது கண் முதலில், பிறகு இடது. அதே வயதினரோடு ஒப்பிட்ட சராசரிக் குறைவு, தாளில் எம்.டி. என்று வருவது, வலது கண்ணில் மைனஸ் 6.8, இடது கண்ணில் மைனஸ் 9.2 டெசிபல். மைனஸ் 6-ஐத் தாண்டினாலே ஆரம்ப நிலை கடந்துவிட்டது என்று வகைப்படுத்துவார்கள். அந்தக் கணக்குப்படி இவருக்கு இரண்டு கண்ணிலும் நடுத்தர நிலை கிளாகோமா.

ஆனால் நரம்பைப் பார்த்தால் அப்படி இல்லையே. வலது கண் நரம்பில் மைனஸ் 6.8-க்குரிய சேதம் கிடையாது. அங்கேதான் தாளைச் சந்தேகப்பட வேண்டும். வலது கண் தாளில் மேல் வரிசைகள் இரண்டும் ஒரே சீராகக் கறுத்திருந்தன. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்தது: மேல் இமைத் தோல் தொங்கி இமை முடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடது கண் தாளில் இன்னொரு விதம். நான்கு கால்பகுதிகளிலும் நடுவில் மட்டும் தெளிவு, சுற்றிலும் கருமை. இயந்திரம் ஒவ்வொரு கால்பகுதியிலும் ஒரு புள்ளியைத்தான் முதலில் சோதிக்கும். ஆரம்பத்தில் கவனமாக அமுக்கியவர் போகப் போகச் சோர்ந்துவிட்டால் இப்படித்தான் நான்கு இலையாக வரும். முன்பு தெரிந்த இடத்தில் அதைவிடப் பிரகாசமான ஒளியைக் காட்டியபோதும் அவர் அமுக்காமல் விட்டது பல தடவை பதிவாகியிருந்தது.

எப்படி அமுக்கினீர்கள் என்று கேட்டோம். “நல்லாத் தெரிஞ்சதுக்கு மட்டும் அமுக்கினேங்க. சந்தேகமா இருந்ததை விட்டுட்டேன். தப்பா அமுக்கக் கூடாதுல்ல?” என்றார். பொய் சொல்லக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த நேர்மை தாளில் நோயாகப் பதிவாகியிருந்தது.

மருந்தை ஆரம்பிக்கவில்லை

அழுத்தம் 24, அண்ணனுக்கு நோய், நரம்பில் பள்ளம், தாளும் மோசம். பிறகென்ன, சொட்டு மருந்தை எழுத வேண்டியதுதானே என்று சிலர் கேட்கலாம். அழுத்தம் 35 இருந்திருந்தால் நானும் அன்றே எழுதியிருப்பேன். இங்கே நிலைமை வேறு. ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொண்டிருப்பவரின் அழுத்தம் அவருடைய சொந்த அழுத்தம் அல்ல. அதை நிறுத்தி, சில வாரம் கழித்து அளக்காமல் மருந்தை ஆரம்பித்தால் இறங்கியது எதனால் என்று பிறகு சொல்லவே முடியாது. இந்த நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நகர்வது. ஆரம்ப நிலையில் ஆறு வாரக் காத்திருப்பால் இழப்பு ஏதும் இல்லை. ஆயுசுக்கும் போட வேண்டிய மருந்தைத் தப்பான காரணத்துக்காக ஆரம்பிப்பதில் இழப்பு உண்டு. ஸ்டீராய்டு சொட்டை நிறுத்தி, சிவப்புக்கு மசகுச் சொட்டு மட்டும் கொடுத்து, வேலை செய்யும்போது தூசுக் கண்ணாடி போடச் சொல்லி அனுப்பினோம்.

இரண்டாவது, மூன்றாவது தாள்

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது டெஸ்ட். இந்த முறை காலை முதல் ஆளாக வரச் சொன்னோம், சாப்பிட்டுவிட்டு. சந்தேகமுள்ள இடது கண்ணை முதலில் எடுத்தோம், களைப்பு வருவதற்குள். மேல் இமையை மைக்ரோபோர் டேப்பால் லேசாகத் தூக்கி நெற்றியில் ஒட்டியாயிற்று. லென்ஸும் முக்கியம். கிண்ணம் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதால், படிக்கப் பயன்படும் +2.00-ஐ அப்படியே போடக் கூடாது. இவர் வயதுக்கு இயந்திரத்தின் அட்டவணைப்படி +2.50. லென்ஸ் கண்ணை விட்டுத் தள்ளி இருந்தால் அதன் விளிம்பே ஒரு கறுப்பு வளையத்தைத் தாளில் போட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட எங்கள் டெக்னீஷியன் சொன்ன விளக்கம்தான் தாளை மாற்றியது என்று நினைக்கிறேன். “ஐயா, நடுவுல உள்ள மஞ்சள் லைட்டை மட்டும் பாருங்க, வேற எங்கயும் தேடாதீங்க. ஓரத்துல மின்மினி மாதிரி எங்கயாச்சும் வந்தா அமுக்குங்க. மங்கலா இருந்தாலும் சரி, வந்துச்சா வரலையான்னு தோணினாலும் சரி, அமுக்கிடுங்க. பாதி லைட்டு யாருக்குமே தெரியாது, அப்படித்தான் மிஷினை வச்சிருக்காங்க. தெரியலைன்னா உங்க மேல தப்பு இல்லை. களைப்பா இருந்தா பட்டனை அமுக்கியபடியே பிடிச்சுக்கங்க, மிஷின் நிக்கும். கண்ணைத் துடைச்சுட்டு விடுங்க, மறுபடி ஓடும்.” பாதி வெளிச்சம் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், தெரியாத ஒவ்வொரு நொடியும் நோயாளி பயந்துபோகிறார்.

வலது கண் மைனஸ் 1.9, மேல் வரிசைக் கருமை காணாமல் போயிருந்தது. இடது கண் மைனஸ் 3.6. நான்கு இலை மறைந்து, தாள் பெரும்பாலும் வெளுத்திருந்தது. ஆனால் கிடைக்கோட்டுக்கு மேலே, மூக்குப் பக்கம், அடுத்தடுத்து மூன்று புள்ளிகள் மட்டும் வெளுக்கவில்லை. அவற்றின் அளவு 24, 19, 22. கிடைக்கோட்டுக்குக் கீழே அவற்றுக்கு நேரெதிரான புள்ளிகள் 30, 29, 30. மேல் பாதியின் ஐந்து பகுதிகளைக் கீழ்ப் பாதியின் ஐந்து பகுதிகளோடு ஒப்பிடும் அரைக்கோளச் சோதனையும் வரம்புக்கு வெளியே என்று காட்டியது.

ஆறு வாரம் ஆனபோது மூன்றாவது டெஸ்ட். அழுத்தம் வலது 19, இடது 21. ஸ்டீராய்டின் பங்கு கொஞ்சம் இருந்திருக்கிறது, முழுவதும் அதுவே இல்லை. வலது கண் ஃபீல்டு மைனஸ் 1.4, குறை இல்லை. இடது கண்ணின் எம்.டி. இன்னும் தேறி மைனஸ் 2.9. அந்த மூன்று புள்ளிகள் மட்டும் 23, 17, 22. அதே இடம், கிட்டத்தட்ட அதே ஆழம். கூடவே மையத்தை ஒட்டி, 3 டிகிரி மேலே, புதிதாக ஒரு புள்ளி சற்றே இறங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தால் முதல் தாளிலும் அந்த மூன்று புள்ளிகள் இருக்கத்தான் செய்தன. சுற்றிலும் எல்லாமே கறுத்துக் கிடந்ததால் தனியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓரத்தில் இல்லாத, ஒட்டிய மூன்று புள்ளிகள் சராசரி மனிதர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே காணப்படும் அளவுக்கு இறங்கி, அதில் ஒன்றாவது 1 சதவீதத்துக்கும் கீழே போய், அதுவே அடுத்தடுத்த இரண்டு டெஸ்டில் திரும்ப வர வேண்டும். ஹோடாப், பாரிஷ், ஆண்டர்சன் வகுத்த அளவுகோலின் சாரம் இது. இவருக்கு அது நிறைவேறிவிட்டது, நரம்பில் பள்ளம் உள்ள இடத்துக்கு நேர் பொருத்தமாகவும். விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனிலும் அதே கீழ்ப் பகுதியில் நரம்பிழைப் படலம் மெலிந்திருந்தது.

ஒரே இடம், திரும்பத் திரும்ப

ஒரு டெஸ்ட் போதாது என்பது எங்கள் சொந்த வழக்கம் அல்ல. கண் அழுத்தம் அதிகம் உள்ளவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓஎச்டிஎஸ் ஆய்வில், முதன்முறையாகக் குறை காட்டிய, அதுவும் நம்பகமானவை என்று கருதப்பட்ட 703 தாள்களில் 604-இல் மறு டெஸ்டில் அந்தக் குறை உறுதியாகவில்லை. 85.9 சதவீதம். இந்த முடிவு வெளியானது 2000-இல். அதற்கு முன்பே, 1997-இல், அந்த ஆய்வு தொடர்ந்து மூன்று தாளில் குறை வந்தால்தான் ஏற்பது என்று விதியை இறுக்கிக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு ஃபீல்டு டெஸ்டே உபயோகமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. எண்களின் ஏற்ற இறக்கம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நல்ல புள்ளியில் 30 என்பது மறுமுறை 28 அல்லது 31 ஆகலாம். ஏற்கெனவே கெட்ட புள்ளியில் 15 என்பது அடுத்த முறை 8 என்றும் வரலாம், 21 என்றும் வரலாம். ஆகவே ஒரு புள்ளியின் எண்ணை விட, குறை அதே இடத்தில் திரும்ப உட்காருகிறதா என்பதற்கே மதிப்பு. களைப்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தைக் கெடுக்கும். இமை மேல் வரிசையைக் கெடுக்கும். கண்புரை எல்லா இடத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மங்கச் செய்யும். செத்த நரம்பிழை மட்டும் தன் இடத்தை விட்டு நகராது. அது கிடைக்கோட்டையும் மதிக்கும்; மேலே உள்ள குறை கோட்டைத் தாண்டிக் கீழே வழியாது.

எம்.டி. தேறியது நோய் குணமானதால் அல்ல, டெஸ்ட் கொடுக்க அவர் கற்றுக்கொண்டதால். முதல் ஒன்றிரண்டு தாள்களைப் பழகுவதற்கான தாள்கள் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. முதல் தாளை அடிப்படையாக வைத்து, இரண்டு வருடம் கழித்து எடுத்ததோடு ஒப்பிட்டால், நடுவில் நோய் முற்றியிருந்தாலும் தாள் தேறியதாகத்தான் காட்டும்.

இன்னொன்று: தாளில் புள்ளிவிவர ரீதியாகக் குறை தெரிவதற்குள் அந்த இடத்து நரம்புச் செல்களில் 25 முதல் 35 சதவீதம் வரை போயிருக்கும் என்று, இறந்தவர்களின் கண்களை அவர்களுடைய பழைய தாள்களோடு ஒப்பிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. ஆரம்ப நிலை என்று நாம் சொல்வது நமக்கு ஆரம்பம், நரம்புக்கு அல்ல.

ஏன் இவருக்கே தெரியவில்லை

இடது கண்ணின் மேல் மூக்குப் பக்கத்தில் உள்ள குறையை வலது கண் அப்படியே நிரப்பிவிடுகிறது. போதாக்குறைக்கு இவர் வேலையே குனிந்து செய்வது. அச்சு, கரண்டி, கல்லை ஊற வைக்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாமே பார்வையின் கீழ்ப் பாதியில்தான் இருக்கின்றன. மேலே உள்ள குறை அவர் கண்ணுக்கு வேலையே கொடுத்ததில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 40 வயதைக் கடந்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாகோமா இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அது இருப்பதே தெரியாது. இவரும் அந்த ஒன்பதில் ஒருவர்.

நான்காவது தாள்

மையத்தை ஒட்டி ஒரு புள்ளி இறங்கியதால் இடது கண்ணுக்கு மட்டும் 10-2 முறையில் ஒரு டெஸ்ட் எடுத்தோம். 24-2-இல் நடுப்பகுதி 10 டிகிரிக்குள் 12 புள்ளிகள்தான் உண்டு. 10-2-இல் அதே பரப்புக்கு 68 புள்ளிகள், 2 டிகிரி இடைவெளியில். சல்லடைக் கண் பெரிதாக இருந்தபோது ஒரே புள்ளியாகத் தெரிந்தது, இதில் மையத்துக்கு மேலே மூக்குப் பக்கம் வளைந்து செல்லும் தெளிவான வில்லாக விரிந்தது. கிடைக்கோட்டில் கத்தரித்தாற்போல் நின்றது. எம்.டி. ஆரம்ப நிலை என்றாலும் குறை மையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இதைச் சாவகாசமாகப் பார்க்க முடியாது. நிறங்களின் ஓரத்தை நம்பிப் பிழைக்கும் ஆள்.

சிகிச்சை

இடது கண்ணுக்கு லேட்டனோப்ராஸ்ட், இரவு ஒரு சொட்டு. அண்ணன் போடும் டைமோலாலை இவருக்குக் கொடுக்க முடியாது; வீசிங் உள்ளவருக்கு அது மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். வீட்டில் மருந்து தீர்ந்துபோனால் அண்ணன் பாட்டிலை எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதை அவர் மனைவியிடமும் சேர்த்துச் சொன்னோம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. சாதாரண லேட்டனோப்ராஸ்டைத் திறக்கும் முன் குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதால், அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய வகையாகப் பார்த்து எழுதினோம். அதையும் சட்டைப் பையில் வைக்காமல், உள் அறையில் வெயில் படாத மாடத்தில் வைக்கச் சொன்னோம். சொட்டு விட்ட பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தில் இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாயிற்று.

வலது கண்ணுக்கும் போட வேண்டுமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. ஒரு கண்ணில் வந்தது இன்னொன்றிலும் வரும், இப்போதே ஆரம்பி என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்: நரம்பு நன்றாக இருக்கிறது, இரண்டு தாள் சுத்தமாக வந்திருக்கின்றன, ஒரு கண்ணில் மட்டும் போட்டால் மருந்து வேலை செய்கிறதா என்பதை மற்றக் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது. ஆறு வாரத்தில் இடது 15, வலது 19.

தேய்மானம் எந்த வேகத்தில் போகிறது என்பதை அறிய முதல் இரண்டு வருடத்தில் ஆறு டெஸ்டாவது வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட பரிந்துரை. இவருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை 24-2, இரண்டு முறைக்கு ஒருமுறை இடது கண்ணுக்கு 10-2 என்று வைத்திருக்கிறோம். ஒப்பிடுவதற்கான அடிப்படையாக இரண்டாவது, மூன்றாவது தாள்களைத்தான் இயந்திரத்தில் குறித்திருக்கிறோம். முதல் தாள் கோப்பில் இருக்கிறது, கணக்கில் இல்லை. நாள் குறிக்கும்போது கல்லுக்கு ஆர்டர் குவியும் தை, வைகாசி மாதங்களைத் தவிர்த்துவிடுகிறோம். அந்தச் சமயத்தில் வரச் சொன்னால் வர மாட்டார், வந்தாலும் களைத்துப்போய் வருவார்.

பள்ளத்தூரில் இருக்கும் தங்கையை அழைத்துவந்தார். அவருக்கு அழுத்தம், கோணம், நரம்பு மூன்றும் நன்றாக இருக்கின்றன. வருடம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். அண்ணனின் மகன் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். ஊருக்கு வரும்போது கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான்கு மாதத்தில் எடுத்த தாளில் இடது கண் மைனஸ் 3.0, அந்த மூன்று புள்ளிகள் மாறவில்லை. இனி வரும் தாள்களில் அவை இன்னும் இறங்கினாலோ, 10-2-இல் வில் மையத்தை நோக்கி நீண்டாலோ, இலக்கு அழுத்தத்தை 15-இலிருந்து 12-ஐ ஒட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது அடுத்து லேசர் என்று அவரிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று. வலது கண்ணில் ஏதாவது ஓரிடத்தில் புதிதாகக் குறை தென்பட்டால், ஒரு மாதத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தை ஆரம்பிப்பது என்பது முடிவு.